புயலும் புகலிடமும்: வங்கதேசம் கற்ற பாடம்

கடற்கரையில் வாழ்வோர்க்குக் கடல் சோறூட்டும் தாய். சிற்சில இரவுகளில் அதுவே கூற்றமாகவும் மாறிவிடுகிறது. வங்கக்கடலின் வடகோடியில் அமைந்த வங்கதேசம் இவ்வுண்மையைப் பெருந்துயரோடு உணர்ந்த நாடாகும். பரப்பளவில் தமிழ்நாட்டைவிடச் சற்றே பெரியதான அந்நாட்டில் இன்று ஏறத்தாழ 17 கோடி மக்கள் வாழ்கின்றனர். புயலைத் தடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. ஆயினும் புயலால் நேரும் உயிரிழப்பைக் குறைக்க இயலும் என்பதை அந்நாட்டின் ஐம்பதாண்டு வரலாறு காட்டுகிறது. அது எவ்வாறு இயன்றது என்பதை ஈண்டுக் காண்போம்.

நீரால் அமைந்த நாடு

கங்கை, பிரம்மபுத்திரா, மேக்னா ஆகிய பேராறுகள் சுமந்து வந்த வண்டல் படிந்து உருவான கழிமுகச் சமவெளியே வங்கதேசத்தின் பெரும்பகுதி. மழைக்காலத்தில் ஆறுகள் கரைகடந்து பரவுவது அங்கே ஆண்டுதோறும் நிகழ்வது. அளவோடு வரும் நீர்ப்பெருக்கை 'பர்ஷா' என்றும், அழிவு செய்யும் வெள்ளத்தை 'பன்யா' என்றும் அம்மக்கள் பிரித்து வழங்குவர். முன்னது வயலுக்கு வளம் சேர்ப்பது. பின்னதோ, 1998ஆம் ஆண்டில் வந்ததுபோல், நாட்டின் மூன்றில் இரு பங்கை இரண்டு மாதங்களுக்கு மேல் நீரில் ஆழ்த்துவது.

வெள்ளத்தினும் கொடியது புயலோடு எழும் கடற்பெருக்கு. வங்கக்கடல் வடக்கே செல்லச்செல்ல, வாய் அகன்று அடி குறுகிய புனல்போல் ஒடுங்குகிறது. கரையை ஒட்டிய கடலும் ஆழமற்றது. எனவே, புயற்காற்று தள்ளிவரும் நீர் பக்கங்களில் பரவ வழியின்றி உயர்ந்தெழுந்து கரையேறுகிறது. அவ்வேளையில் ஓதமும் உயர்ந்திருந்தால் கேடு இரட்டிப்பாகும். கழிமுகத் தீவுகளோ கடல் மட்டத்திற்குச் சில அடிகளே மேலானவை. ஆகவே, அங்கே காற்றைக் காட்டிலும் நீரே மிகுதியான உயிர்களைக் கொள்ளை கொள்கிறது.

இரண்டு இரவுகள்

1970 நவம்பர் 12ஆம் நாள் இரவு. அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த அந்நிலத்தின் போலாத் தீவுப் பகுதியைப் புயல் தாக்கியது. மூன்று இலட்சம் முதல் ஐந்து இலட்சம் வரையிலான மக்கள் மாண்டனர் என்பர். தஜுமுத்தீன் என்னும் ஒரு வட்டாரத்தில் மட்டும் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேர் இறந்தனர். புயல் வருவதை வானிலை ஆய்வாளர் அறிந்திருந்தனர். அவ்வறிவு குடிசைகளுக்குள் சென்று சேரவில்லை.

இதிலிருந்து பாடம் கற்ற புதிய நாடு, 1972இல் செம்பிறைச் சங்கத்துடன் இணைந்து புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஊர்தோறும் தொண்டர்கள் பயிற்சி பெற்றனர். ஆயினும், 1991 ஏப்ரல் 29ஆம் நாள் இரவு சிட்டகாங் கடற்கரையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தனர். இம்முறை எச்சரிக்கை பலருடைய காதுகளை எட்டியிருந்தது. எனினும் அவர்கள் ஏன் புறப்படவில்லை?

இவ்வினாவே நம் சிந்தனைக்கு உரியது. புகலிடங்கள் மிகச் சிலவாகவும் தொலைவிலும் இருந்தன. கறவை மாட்டையும் சேமித்த நெல்லையும் விட்டுச் செல்ல ஏழைக்கு மனம் வரவில்லை. அயல் ஆடவர் நிறைந்த நெருக்கடியான கூடத்தில், தனியிடமும் கழிப்பிடமும் இன்றித் தங்கப் பெண்கள் கூசினர். கணவர் வரட்டும் எனக் காத்திருந்தோரும், குழந்தைகளைச் சுமந்தபடி நீரில் அகப்பட்டோரும் பலர். 20 முதல் 44 வயது வரையிலானோரில் பெண்களின் இறப்பு வீதம் ஆண்களினுடையதைப்போல் நான்கு மடங்கிற்கும் மேலாக இருந்தது. அவர்களை அறியாமை கொன்றது என்று சொல்லிவிடுவது எளிது. செல்லத்தக்க இடம் ஒன்றை அவர்களுக்கு அமைத்துத் தராத குறையை நாம் மறந்துவிடலாகாது.

குறை களைந்த விதம்

அதன்பின் தூண்கள்மீது உயர்ந்து நிற்கும் புகலிடங்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. அவற்றுள் பல, மற்ற நாள்களில் தொடக்கப்பள்ளிகள். நாள்தோறும் பிள்ளைகள் சென்றுவரும் இடமாதலின், ஆபத்து வேளையில் அங்கே செல்வதில் தாய்மார்க்குத் தயக்கம் குறைகிறது. பெண்களுக்குத் தனி அறைகளும், கால்நடைகளுக்கு உயர்ந்த மண்மேடுகளும் அமைக்கப்பட்டன. புயலின் கடுமைக்கேற்ப ஒன்று, இரண்டு, மூன்று எனக் கொடிகள் ஏற்றப்படுகின்றன. எழுத்தறியாதாரும் அவற்றின் பொருளை அறிவர். கையொலிபெருக்கியுடன் வீடுவீடாகச் செல்லும் தொண்டர்கள் இன்று ஏறத்தாழ 76,000 பேர். அவர்களுள் பாதியினர் பெண்கள். வானொலியின் குரலுக்கு அசையாத பாட்டியும் பக்கத்து வீட்டுப் பெண் வந்து கைப்பற்றி அழைத்தால் எழுந்து நடப்பாள் அன்றோ!

பயன் கண்கூடு. 2007இல் வீசிய 'சிதர்' புயல் 1991ஆம் ஆண்டுப் புயலுக்கு ஏறத்தாழ நிகரான வலிமையுடையது. அதில் இறந்தோர் சுமார் 3,400 பேர். சுந்தரவனத்துச் சதுப்புநிலக் காடு அதன் வேகத்தை ஓரளவு தாங்கிக்கொண்டதும் இங்கே நினைக்கத்தக்கது. 2020இல் கொரோனாத் தொற்றுக் காலத்தில் வந்த 'அம்பன்' புயலின்போது 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அந்நாட்டில் உயிரிழந்தோர் சில பத்துப் பேரே.

ஓசையின்றி வரும் கேடு

இவ்வெற்றியோடு கதை முடிந்துவிடவில்லை. 2009இல் 'ஐலா' புயல் கரைகளை உடைத்து உட்புகுத்திய உப்புநீர், பல ஊர்களில் நெடுநாள் வடியாமல் நின்று, விளைநிலத்தையும் குடிநீர்க் குளங்களையும் கெடுத்தது. புவி வெப்பமடைவதால் கடல் மட்டம் உயர உயர இக்கேடும் வளரும். உயிர் தப்பியும் வாழ வழியற்ற குடும்பங்கள் டாக்கா போன்ற நகரங்களுக்குக் குடிபெயர்கின்றன. கிணற்றில் மெல்ல ஏறும் உப்பை அறிவிக்க எந்தக் கொடியும் இல்லை. உலகின் காற்றில் கரிப்புகையைச் சேர்த்ததில் அம்மக்களின் பங்கு மிகச் சிறிது என்பதை எண்ணும்போது, இது அறம் சார்ந்த வினாவாகவும் விரிகிறது.

1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலை நம் பெரியோர் மறந்திரார். நம் கரையைத் தழுவுவதும் அதே வங்கக்கடலே. வானிலை அறிவிப்பைக் கேட்டதும், "நம் தெருவில் தனித்து நடக்க இயலாதவர் யார்? அவரை அழைத்துச் செல்பவர் யார்?" என்று வினவும் பழக்கம் மாணவரிடையே வேரூன்றுமாயின், வங்கதேசம் பேரிழப்புக் கொடுத்துப் பெற்ற பாடம் நமக்கும் பயன்பட்டதாகும்.