அசேதன இரசாயனமும் உயிரும்: ஸ்டீபன் லிப்பாட்டின் ஆராய்ச்சிப் பணி

இரசாயனவியலைச் சேதனம், அசேதனம் என இரு கூறாக வகுத்துக் கற்பித்தல் நெடுங்கால வழக்கு. கரிச்சேர்வைகள் பெரும்பாலும் முன்னதன்பாற்பட்டன. கல்லும் உப்பும் உலோகமும் பின்னதற்கு உரியவாயின. அசேதனம் என்னும் சொல்லே உயிருணர்வு அற்றதெனப் பொருள்படும். ஆயின் இரும்பின்றிக் குருதி ஒட்சிசனைச் சுமவாது. நாகமின்றி உடலிலுள்ள பல நொதியங்கள் தொழிற்படா. பெயர் ஒருபுறமிருக்க, பொருள் வேறொருபுறம் நிற்பதை இதனாற் காணலாம். இவ்வெல்லைக் கோட்டின் மீதே தம் ஆராய்ச்சி வாழ்வை அமைத்துக்கொண்டவர் அமெரிக்க அசேதன இரசாயனவியலாளர் ஸ்டீபன் லிப்பாட்.

அன்னார் 1940ஆம் ஆண்டு பிற்ஸ்பேர்க் நகரிற் பிறந்தார். ஹவர்போட் கல்லூரியில் 1962இற் பட்டம் பெற்றபின், மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஆல்பேட் கொட்டன் என்னும் பேராசிரியரின்கீழ் ஆராய்ந்து, 1965இற் கலாநிதியானார். அவ்வாராய்ச்சிக்குப் பொருளாயிருந்தது இரேனியம் என்னும் உலோகம். உயிருடலில் அதற்கு யாதொரு தொழிலும் இல்லை. மருத்துவத்தோடு அப்பொழுது அவருக்கிருந்த தொடர்பும் அத்துணையே. 1966இற் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயினார்.

அவர் பின்னர் எடுத்துக்கொண்ட வினாவை விளங்கிக்கொள்வதற்குப் பிளாற்றினச் சேர்வையொன்றின் வரலாற்றை அறிதல் வேண்டும். பிளாற்றின அணுவொன்று, அமோனியா மூலக்கூறுகள் இரண்டு, குளோரைட்டுகள் இரண்டு. இவற்றாலாய மஞ்சள் நிறப் பொருளை இத்தாலியரான பெய்ரோனே 1844இல் ஆக்கினார். இதே உறுப்புக்களை இதே அளவிற் கொண்ட மற்றொரு சேர்வையும் அக்காலத்தில் அறியப்பட்டிருந்தது. உறுப்புக்கள் ஒன்றாயிருப்பவும் பொருள்கள் இரண்டாதல் எவ்வாறு? இருபத்தாறு வயதினரான அல்பிரெட் வேர்ணர் 1893இல் விடை பகர்ந்தார். பிளாற்றினம் ஒரு சதுரத்தின் நடுவிலுள்ளது. ஏனைய நான்கும் அதன் மூலைகளில் உள்ளன. குளோரைட்டுகள் இரண்டும் அடுத்தடுத்த மூலைகளில் அமையின் அது சிஸ் வடிவம். எதிரெதிர் மூலைகளில் அமையின் அது ட்ரான்ஸ் வடிவம். எக்ஸ்-கதிரின் துணை கிட்டாத காலத்தில், பகுத்தறிவு ஒன்றையே கருவியாகக் கொண்டு கண்ட விடை இது.

எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இச்சேர்வையை மருந்தென எவரும் கருதினாரல்லர். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாணெற் றோசன்பேர்க் என்பார், கலப்பிரிவின்மேல் மின்புலத்துக்குச் செல்வாக்குண்டோ என ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் பௌதிகத்திற் பயின்றவர், இரசாயனவியலாளரல்லர். ஈ. கோலி என்னும் பற்றீரியா வளருங் கரைசலில் அவர் மின்னைச் செலுத்தினார். மின்வாய்கள் பிளாற்றினத்தாலானவை, பிளாற்றினம் எதனோடும் எளிதிற் சேராதென்பதே அதனைத் தெரிந்தமைக்குக் காரணம். பற்றீரியாக்களோ பிரியாவாயின, இறந்தனவுமல்ல. பிரியாமலே வளர்ந்து, இயல்பான நீளத்தின் முந்நூறு மடங்குவரை நூல்போல நீண்டன. மின்புலமே காரணமெனக் கொண்டு அத்தோடு நின்றிருப்பின் வரலாறு வேறாயிருக்கும். காரணத்தைத் துருவிச் சென்றபோது, மின்வாயினின்று சிறிதளவு பிளாற்றினம் கரைந்து, கரைசலிலிருந்த அமோனியாவோடும் குளோரைட்டோடும் கூடியமை புலனாயிற்று. 1965இல் இச்செய்தி வெளியாயிற்று. உரிய சேர்வை பெய்ரோனேயின் பழைய பொருளே என்பதும் தெளிந்தது. 1969இல் எலிகளின் கட்டிகள் அதனாற் கரைந்தமை அறிவிக்கப்பட்டது. 1971இல் நோயாளருக்கு முதன்முறை வழங்கப்பட்டது. 1978இல் சிஸ்பிளாற்றின் என்னும் பெயரால் அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது. உடலெங்கும் பரவிய விரைப் புற்றுநோயாற் பீடிக்கப்பட்ட இளைஞர், முன்னர்ப் பதின்மரில் ஒருவரே பிழைத்த நிலை மாறி, பெரும்பான்மையோர் பிழைக்கலாயினர்.

மருந்து முன்னே வந்துவிட்டது, விளக்கம் வரவில்லை. சிஸ் வடிவம் கட்டியைக் கரைப்பவும், அதே அணுக்களாலாய ட்ரான்ஸ் வடிவம் பயனற்றுப் போவதேன்? இவ்வினாவின் பின்னரே லிப்பாட் பல பத்தாண்டுகளைச் செலவிட்டார்.

தொடக்கத்தில் அவருக்குப் பிளாற்றினம் ஓர் அடையாளப் பொருளாகவே பயன்பட்டது. கருவமிலங்களில் பாரமான அணுவொன்றைப் பதித்து அவற்றின் அமைப்பை அறிய அவர் முயன்றார். தட்டையான பிளாற்றின மூலக்கூறு டி. என். ஏ.யின் படிகளுக்கிடையே, புத்தகத் தாள்களுக்கிடையில் அட்டையொன்று நுழைவதுபோல நுழையும் என்பதை 1974இல் அவரும் மாணவரும் காட்டினர். அடுத்து, பிளாற்றின நீலம் என்னும் பொருளை எடுத்துக்கொண்டனர். அதன் நிறத்துக்குக் காரணம் 1908 முதல் விளங்காதிருந்தது. 1977இல் அத்தகைய நீலமொன்றின் பளிங்கை ஆராய்ந்து, பிளாற்றின அணுக்கள் நிரையாய்த் தொடுத்து நிற்பதைக் கண்டனர். அவ்வாராய்ச்சியில் முன்னின்ற மாணவி ஜக்குலின் பார்ட்டன்.

1983இல் லிப்பாட் தாம் பயின்ற மசாச்சுசெற்ஸ் நிறுவகத்துக்கே மீண்டார். முதன்மையான விடைகள் அங்கே கிடைத்தன. குருதியிற் குளோரைட்டு மிகுதி. ஆதலின் மருந்து அங்கே உருமாறாது செல்லும். கலத்தினுள்ளே குளோரைட்டுக் குறைவு. ஆண்டு நீர் குளோரைட்டின் இடத்தைப் பற்றும். பின்னர் அந்நீரும் விலக, டி. என். ஏ.யிலுள்ள குவானின் என்னும் உறுப்பின் நைதரசனோடு பிளாற்றினம் பிணையும். சிஸ் வடிவில் விடுபடும் மூலைகள் அருகருகே இருத்தலின், அடுத்தடுத்த இரு குவானின்களை அது ஒருங்கே பற்றும். எதிரெதிர் மூலைகளைக் கொண்ட ட்ரான்ஸ் வடிவால் அங்ஙனம் பற்றுதல் இயலாது. இப்பிணைப்பின் பளிங்கமைப்பை 1985இல் லிப்பாட்டின் குழுவினர் வெளியிட்டனர். ஒல்லாந்திலும் இதுபற்றி ஆராய்ந்தோர் உளர். பெருமை ஒருவர்க்கே உரியதன்று. பன்னிரு படிகள் கொண்ட இரட்டைச் சுருளியின் துண்டொன்று பிளாற்றினத்தாற் கூனி வளைந்திருக்கும் தோற்றத்தை 1995இற் கண்டனர். அவ்வளைவைக் கலத்தின் புரதமொன்று தேடிவந்து பற்றுவதை 1992இலேயே காட்டியிருந்தனர். பற்றிய நிலையின் அமைப்பு 1999இல் வெளியாயிற்று. பழுதுபார்க்கும் நொதியங்களினின்று அப்புரதம் வளைவை மறைத்துக்கொள்ள, கலம் மடிகிறது என்பது அவர் கருத்து. அதனை எல்லோரும் ஒருங்கே ஏற்றனர் எனல் பொருந்தாது.

மெதேனை மெதனோலாக்கும் பற்றீரிய நொதியத்திலுள்ள இரும்பு பற்றியும், மூளையிலுள்ள நாகத்தை ஒளிரச்செய்து காணும் சாயங்கள் பற்றியும் அவர் செய்தவை தனிக் கட்டுரைக்கு உரியன. ஜெரமி பேர்க்குடன் சேர்ந்து எழுதி 1994இல் வெளியிட்ட உயிர் அசேதன இரசாயனப் பாடநூல் இத்துறை மாணவர் பலரும் அறிந்தது.

சிஸ்பிளாற்றின் சிறுநீரகத்தைத் தாக்கும், செவிப்புலனைக் குறைக்கும், கொடிய வாந்தியை விளைக்கும். அதனினுங் கேடு குறைந்த மருந்தை ஆக்குதலே விளக்கத்தைத் தேடியோரின் உட்கிடை. ஓரிடத்தில் மட்டும் பிணையும் பினாந்திரிபிளாற்றின் என்னும் சேர்வையை லிப்பாட்டின் குழுவினர் 2012இல் அறிவித்தனர். சோதனைக்கூடக் கலங்களில் அது சிஸ்பிளாற்றினை விஞ்சியது. ஆயின் மருத்துவமனையில் வழங்கும் மருந்தாக அது மலரவில்லை. இதனைத் தோல்வி எனக் கூறுவோர், சோதனைக்கூடத்துக்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையிலுள்ள தூரத்தை அறியாதவராவர்.

நூற்றுக்கு மேற்பட்டோர் அவரிடம் கலாநிதிப் பட்டம் பெற்றனர். அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் பிறீஸ்ற்லி பதக்கம் 2014இல் அவருக்கும், அடுத்த ஆண்டே அவர் மாணவி பார்ட்டனுக்கும் கிடைத்தது. 2017இல் அவர் ஆசிரியப் பணியினின்று ஓய்ந்தார். விரைப் புற்றுநோய் சிஸ்பிளாற்றினுக்கு இத்துணை எளிதில் இணங்குவதும், வேறு பல புற்றுநோய்கள் முதலில் இணங்கிப் பின்னர் எதிர்த்து நிற்பதும் ஏன் என்னும் வினா இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.