வறட்சியும் நன்னீர்ச் சிப்பிகளும்

வேப்பூர்ச் சுற்றுப்புறத்தில் ஏரி வற்றிய கோடையில், வெடித்த சேற்றினிடையே வாய் பிளந்து கிடக்கும் சிப்பி ஓடுகளை நம் அங்கத்தினர் பலர் கண்டிருப்பர். சுண்ணாம்புக்கு ஆகுமென்பதற்கு மேல் அவற்றைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. ஆனால் உயிரோடிருந்த காலத்தில் அவை நமக்குக் கூலியின்றி உழைத்தவை. சிப்பியானது நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள நுண்பாசியையும் கசடையும் செவுள்களால் வடித்துண்டு, தெளிந்த நீரை வெளிவிடுகின்றது.

வறட்சி இவற்றை எவ்வாறு அழிக்கின்றது? மீன் ஆழம் தேடி விரைந்தோடும். சிப்பியோ மெல்ல ஊர்வது. நீர் பின்வாங்கும் வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலாமல் கரையில் தங்கிவிடும். சேற்றில் புதைந்து, ஓட்டை இறுக மூடிச் சில காலம் தாக்குப்பிடிக்கும். சேறும் உலர்ந்தால் மாளும். எஞ்சிய குட்டைநீரோ வெயிலில் சூடேறுகின்றது. சூடான நீரில் பிராணவாயு குறைவு. மடிந்தவை அழுகுவதால் அந்நீர் மேலும் கெட்டு, பிழைத்தவற்றையும் கொல்லும்.

இன்னொரு தீங்கும் உண்டு. நன்னீர்ச் சிப்பி இனங்களுள் பெரும்பாலானவற்றின் இளம் குஞ்சுகள், மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிச் சில நாள் வளர்ந்த பின்னரே தனித்து வாழ வல்லவை. ஆகவே மீன் அற்ற நீர்நிலையில் சிப்பிக்கும் சந்ததியில்லை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 2000-ஆம் ஆண்டு வறட்சியில், பிளின்ட் ஆற்றுப் பகுதி ஓடைகள் வற்றி அரிய சிப்பிகள் பல மடிந்தன. கர்நாடக ஆறுகளில் பாறையோடு ஒட்டி வாழும் சிப்பியொன்று அருகி வரும் இனமாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஒட்டிய இடம்விட்டு நகர அதனால் இயலாது. நம் குளத்துச் சிப்பி அந்நிலையை எய்தவில்லை. எனினும் 2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டதை நாம் மறப்பதற்கில்லை. அத்தகைய ஆண்டு மீண்டும் வரும்.

அப்போது நாம் செய்யத்தக்கவை மூன்று. ஏரியின் ஆழமான மடுவைக் கடைசிச் சொட்டுவரை இறைத்துவிடாமல் விட்டுவைத்தல் வேண்டும். வாடும் பயிரைப் பார்த்துக்கொண்டு இயந்திரத்தை நிறுத்துவது எளிதன்று; ஆகவே நிறுத்த வேண்டிய அளவை மழைக்காலத்திலேயே கூடி முடிவுசெய்தல் நலம். தூர்வாருகையில் வண்டலோடு வரும் உயிருள்ள சிப்பிகளை மடுவிலேயே சேர்க்க வேண்டும். நெசவாளர் சாயநீரையும், உழவர் பூச்சிமருந்துக் கலன் கழுவிய நீரையும் குட்டையில் விடலாகாது. நீர் குறையக் குறைய நஞ்சின் கடுமை ஏறும்.

மடுவில் உயிர் எஞ்சினால், மறுமழையில் ஏரி நிரம்பும்போது மீனும் சிப்பியும் அங்கிருந்தே பெருகும். விதைநெல்லைக் காப்பவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.