கூதிர்க்காலத்துத் தேனீயும் தோட்டத்து விளைபொருளும்

உள்ள காலத்திற் சேமித்து இல்லாத காலத்தில் உண்பதே அறிவுடைமை என்பதை யாவரும் அறிவர். வேலூர், ஆம்பூர்ப் பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களாகிய கூதிர்க்காலம் அவ்வறிவைச் சோதிப்பதாகும். மழையினால் தோட்டம் தழைக்கும், தேனீயோ பசித்திருக்கும். இவ்விரண்டின் பொருட்டும் இல்லத்தார் செய்யத்தக்கவற்றைக் கூறுதலே இவ்வியாசத்தின் நோக்கம்.

நம் நாட்டுத் தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை அமைத்து, 1911 முதல் 1917 வரை தென்னாட்டுக் கிராமத்தாரைப் பழக்கியவர் நியூட்டன் பாதிரியார். அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1924-இல் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் மார்த்தாண்டத்தில் தொடங்கிய கிராமப் புனருத்தாரண நிலையம் இத்தொழிலை ஏழைக் குடும்பங்களுக்குரியதாக்கியது.

பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கும் பூக்குங்கால் தேன் பெருகும். அடைமழையிலோ ஈக்கள் வெளியே பறத்தல் அரிது, மலர்த்தேனும் கரைந்தொழியும். அக்காலத்தில் அடையிலுள்ள தேன் முழுவதையும் கவர்ந்துவிடின், குடும்பம் மெலியும். அன்றேல் கூட்டைத் துறந்து ஓடும். மெலிந்த கூட்டின் வெற்றடைகளில் மெழுகுப் பூச்சி குடிபுகும். ஆதலின் அவற்றின் பங்கை விட்டுவைத்தல் வேண்டும். தேன் குறைந்திருப்பின், சர்க்கரையும் நீரும் சம அளவாகக் காய்ச்சி ஆற்றிய பாகினை, மாலை வேளையிற் பெட்டிக்குள்ளேயே வைக்கவேண்டும். வெளியே வைத்தால் அயற்கூட்டு ஈக்கள் கொள்ளையிட வரும். எறும்பு ஏறாதபடி பெட்டியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்துக. 1991-ஆம் ஆண்டையொட்டிப் பரவிய வைரஸ் நோய் ஒன்றினால் தென்னாட்டில் எண்ணிறந்த தேனீக் குடும்பங்கள் மாண்டன. எஞ்சியவற்றின் அருமை இதனால் விளங்கும்.

இனி, விளைபொருளைக் காத்தலைக் காண்போம். மலர்த்தேன் நீர்த்தது. ஈக்கள் சிறகால் விசிறி அதன் நீரைப் போக்கி, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே நீர் எஞ்சிய பின் மெழுகால் மூடுகின்றன. நீர் குறைந்தவிடத்துப் புளிப்பும் பூஞ்சணமும் தோன்றா. நம் மகளிர் வற்றலிடுவதும் இதே விதியைப் பற்றியதே. இலவம்பாடி முள்ளுக் கத்தரியை அரிந்து, உப்பு நீரில் ஒரு கொதி விட்டு, வெயில் காணும் நாட்களில் உலர்த்தலாம். வெயில் காணாதபோது எலுமிச்சங்காயை, அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உப்பிட்டு, ஈரமற்ற பீங்கான் ஜாடியில் ஊறவைக்கலாம். நெல்லிக்காயை ஆவியில் வேகவைத்துத் தேனிலிடுவோர், முதலில் அதன் ஈரத்தை நன்கு உலர்த்துக. இன்றேல் தேன் நீர்த்துப் புளித்துப்போம்.

தோல் பதனிடும் ஊரினராகிய நமக்கு உப்பின் குணம் புதிதன்று. பச்சைத்தோல் அழுகாமற் காப்பதும் அதுவே. கழிவுநீரோடு கலந்து பாலாற்றங்கரைக் கிணறுகளையும் தோட்டங்களையும் கெடுத்ததும் அதுவே. இக்கேட்டைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. நீர் கெடின் தோட்டம் இல்லை. தோட்டம் இன்றேல் தேனீயும் இல்லை.

ஆதலின், மாணவ நேயர்களே, விடுமுறையில் இல்லம் செல்லுங்கால் ஒரு பெட்டியேனும் வைத்துப் பேணுங்கள். ஜாடி நிறையும்போது கூட்டிலும் உணவு எஞ்சியிருக்கின்றதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.