ஆட்டத்தின் உயிர் எது?

விளையாட்டில் வாகை சூடியோரைப் போற்றுவார் பலர். பல்லாண்டு உழைத்தும் நடுத்தர வரிசைக்கு மேல் ஏறாது, பின்னர் அவ்வுழைப்பின் பயனை மாணாக்கர்க்கு வழங்கியோரை நினைப்பார் சிலரே. அமெரிக்கக் கோல்ப் ஆட்டக்காரர் கேசி மார்ட்டின் அத்தகையோருள் ஒருவர். ஊவா மலைகளில் வாழும் நாம், சிறப்பாக ஆசிரியர்களும் மாணவர்களும், அவர் வரலாற்றை அறிவது நன்று.

கோல்ப் நமக்கு முற்றிலும் அந்நியமான ஆட்டமன்று. மலைநாட்டில் தோட்டம் திறந்த ஆங்கிலத் துரைமார் அதனைத் தம்முடன் கொண்டுவந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நுவரெலியா நகரின் நடுவே அமைந்த பசும்புல் மைதானத்தை, பதுளையிலிருந்து அவ்வூர் செல்வோர் இன்றும் காணலாம். துரை பந்தை அடிப்பார். கோல்கள் நிறைந்த பையைச் சுமந்து மற்றொருவர் பின்னே நடப்பார். அந்நாளில் நடை இருவர்க்கும் பொது. ஆட்டமோ ஒருவர்க்கே உரியது. நடைக்கும் ஆட்டத்துக்கும் உள்ள இவ்வேறுபாடே பின்னொரு நாள் அமெரிக்காவில் பெருவழக்காயிற்று.

ஓரிகன் மாநிலத்தின் யூஜீன் நகரில் 1972இல் பிறந்த மார்ட்டினுக்கு வலக்காலில் பிறவிக்குறை இருந்தது. இதயத்தை நோக்கி மேலேற வேண்டிய குருதி காலிலேயே தேங்கும். எலும்பும் மெல்ல மெல்ல நைந்துபோகும். நடந்தால் வலி, மிகுதியாக நடந்தால் எலும்பு முறியவும், காலையே இழக்கவும் நேரலாம். அக்காலுடனேயே அவர் ஆட்டம் பயின்று ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக அணியில் இடம் பெற்றார். 1994இல் அவ்வணி அமெரிக்கக் கல்லூரிகளின் வாகையைச் சூடியது. அடுத்த பருவத்தில் அதே அணியில் வந்து சேர்ந்த இளைஞர் டைகர் வூட்ஸ். ஓரணியில் ஆடிய இருவருள் ஒருவர் உலகப் புகழின் உச்சியை எட்டினார்; மற்றவருக்கு வாய்த்ததோ அலைந்து திரியும் வாழ்க்கை.

தொழில்முறைக் கோல்ப் ஆட்டக்காரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. நுழைவுக் கட்டணமும் வழிச்செலவும் அவர் பொறுப்பு. நான்கு நாட் போட்டியில் இரண்டாம் நாள் மாலையில் ஏறத்தாழப் பாதிப்பேர் கழிக்கப்படுவர். அவர்கள் பெரும்பாலும் வெறுங்கையுடன் அடுத்த ஊருக்குப் புறப்படுவர். 1995இல் மார்ட்டின் இத்தொழிலில் இறங்கினார். உயர்நிலைப் போட்டிகளிலே ஆட்டக்காரர் நடந்தே ஆக வேண்டும் என்பது விதி. குழிக்குக் குழி செல்லச் சிறு வண்டியொன்றைப் பயன்படுத்த அவர் கேட்ட இசைவு மறுக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் உரிமைச் சட்டத்தைத் துணைக்கொண்டு அவர் 1997இல் வழக்குத் தொடுத்தார்.

வழக்கில் எழுந்த வினா சுவையானது: இவ்வாட்டத்தின் உயிர் எது? நடையால் வரும் களைப்பும் ஆட்டத்தின் கூறே என்றது போட்டிகளை நடத்திய அமைப்பு. ஜாக் நிக்லஸ், ஆர்னோல்ட் பாமர் போன்ற பெரும் வீரர்களும் அதன் சார்பிலேயே சாட்சியமளித்தனர். எதிர்த்தரப்பின் சான்றுகளோ வேறு கதை கூறின. 18 குழிகளைச் சுற்றிவர நடக்கும் தொலைவு ஏறத்தாழ 5 மைல். அது 5 மணி நேரத்தில் பரவிக் கிடப்பதால் செலவாகும் ஆற்றல் 500 கலோரி அளவே. வண்டியில் சென்றாலும், பந்து கிடக்கும் இடத்துக்கும் வண்டிக்குமாக மார்ட்டின் ஒரு மைலுக்கு மேல் நடந்தே தீர வேண்டும். அந்த ஒரு மைல் அவருக்குத் தந்த நோவு, மற்றவர்க்கு ஐந்து மைல் தந்த களைப்பினும் மிகுதி.

2001 மே 29ஆம் நாள் அமெரிக்காவின் அதியுயர் நீதிமன்றம், ஏழு நீதியரசர்க்கு இருவர் என்ற கணக்கில், அவர் பக்கம் தீர்ப்பளித்தது. கோலால் பந்தை அடித்துக் குழியிற் சேர்க்கும் திறனே ஆட்டத்தின் சாரம். நடை அதன் சாரமன்று என்பது தீர்ப்பின் கருத்து. ஓர் ஆட்டத்தின் விதிகள் அதனை வகுத்தோர் விருப்பமே. அவற்றுள் எது இன்றியமையாதது என்று நீதிமன்றம் ஆராய்வது பொருந்தாது என்றனர் மாறுபட்ட இருவர். அவ்வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று.

ஆயினும் நீதிமன்றத்தில் வென்றவர் ஆடுகளத்தில் நிலைபெறவில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்த 1998இல் கீழ்நிலைப் போட்டியொன்றில் முதலிடம் பெற்றார். அவ்வாண்டின் அமெரிக்க ஓப்பன் போட்டியிலும் 23ஆம் இடத்தைப் பிறருடன் பகிர்ந்தார். 2000ஆம் ஆண்டில் உயர்நிலைச் சுற்றில் முழுப் பருவம் ஆடியும், அங்கே தம் இடத்தைத் தக்கவைக்க இயலவில்லை. மீண்டும் கீழ்நிலைச் சுற்றுகள், மீண்டும் சில்லறைப் பரிசுகள்! 2006இல் தம் சொந்த ஊரிலுள்ள ஓரிகன் பல்கலைக்கழகத்தின் கோல்ப் பயிற்றுநர் ஆனார்.

அவருடைய இரண்டாம் வாழ்வு இங்கேதான் தொடங்குகிறது. 2016இல் கல்லூரிகளின் இறுதிப் போட்டி யூஜீனிலேயே நடந்தது. ஐந்து தனியாட்டங்களில் டெக்சாஸும் ஓரிகனும் இரண்டிரண்டு வென்று சமமாய் நின்றன. எஞ்சிய ஆட்டம் 18 குழிகளிலும் முடிவு காணாது நீண்டது. மூன்றாம் மேலதிகக் குழியில் சுல்மான் ராசா என்ற மாணவர் வென்று பல்கலைக்கழகத்துக்கு வாகையைத் தேடித் தந்தார். தனிநபர் வாகையும் ஆரன் வைஸ் என்ற ஓரிகன் மாணவருக்கே கிடைத்தது. தொழிலாட்டத்தின் உயர்நிலையில் தமக்கு வாய்க்காத வெற்றியை ஆசிரியர் மாணாக்கர் கையிற் கண்டார். 2021இல் அவரது வலக்கால் துண்டிக்கப்பட்டது. அதன் பின்னும் பயிற்றுநர் பணியை அவர் விட்டாரில்லை.

இனி நம் மலைகளை நோக்குவோம். நமுனுகுலைச் சரிவுகளில் கொழுந்து சுமப்போரின் பிள்ளைகளுட் பலர் செங்குத்துப் பாதைகளில் ஏறியிறங்கியே பாடசாலை செல்கின்றனர். அவர்களுள் நடக்க இயலாத பிள்ளைக்கு முதற் பரீட்சை வகுப்பறையில் அன்று, வாயிற்படியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. உடற்குறையுடையோர் உரிமைகளைக் காக்க நம் நாட்டிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. சட்டம் இருப்பது ஒன்று. படியருகே ஒரு சாய்தளம் அமைவது வேறொன்று. கல்வியின் உயிர் படியேறுவதிலா, பாடம் பயில்வதிலா என்ற வினாவை ஒவ்வொரு பாடசாலையும் தன்னையே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் இவ்வரலாற்றில் ஓர் ஆறுதல் உண்டு. தாம் எண்ணிய உயரத்தை எட்டாதவரும் பிறரை அங்கே ஏற்றிவிடலாம். வழியில் வழுக்கும் இடங்களை, வழுக்கி விழுந்தவரே நன்கறிவார்.