சேற்றுழவில் கிளட்ச் ஏன் கருகுகிறது?

உத்திரமேரூர், ஏனாத்தூர் பக்கம் சொர்ணவாரி சேற்றுழவு தொடங்கிவிட்டால், டிராக்டர் வைத்திருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: 'கிளட்ச் பிளேட் ஏன் சீக்கிரம் போகுது சார்?'

இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது ஃப்ளைவீல். அதன்மேல் கிளட்ச் பிளேட்டை ஸ்பிரிங் பலத்தில் அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். அந்தப் பிடியில்தான் சுழற்சி கியர்பாக்ஸுக்குப் போகிறது. பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் தள்ளி, பிடி விடும். பெடல்மேல் காலை வைத்தபடியே ஓட்டினால் பிடி அரைகுறையாகும். பிளேட் வழுக்கிச் சூடேறித் தேயும். கருகல் வாடை அதுதான். புதுப் பிளேட் போட டிராக்டரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நடவு நேரத்தில் வண்டி பட்டறையில் நிற்கும்!

சக்கரம் புதைந்தால் ஹாஃப் கிளட்ச்சில் உறுமவிடாதீர்கள். ரோட்டவேட்டரைத் தூக்கி, சிறிய கியர் போட்டு, காலை முழுதாக எடுங்கள். டூயல் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் வண்டி மட்டும்தான் நிற்கும், பி.டி.ஓ. சுற்றிக்கொண்டேயிருக்கும். கத்தியில் சிக்கிய வைக்கோலை எடுக்க இறங்கினால் இன்ஜினையே நிறுத்துங்கள்.

பெடலில் வெற்று அசைவு கொஞ்சம் இருக்க வேண்டும். பிளேட் தேயத் தேய அது குறையும். அறவே இல்லாவிட்டால் கால் வைக்காமலே வழுக்கும். சேற்றுழவு நாட்களில் அடிக்கடி பார்த்து, வண்டிக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்யுங்கள்.