ஹோம் தியேட்டரும் நான்கு சுவர்களும்

ஸ்பீக்கரிலிருந்து புறப்படும் ஒலி காதுக்கு இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. ஒரு பங்கு நேராக வருகிறது. மற்றது சுவரிலும் தரையிலும் கூரையிலும் மோதித் திரும்பி, ஒரு நொடிக்கும் குறைவான தாமதத்தோடு வருகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இப்படித் திரும்பி வரும் பங்குதான் அதிகம். வசனம் புரியவில்லை என்று ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவதும், அடுத்த சண்டைக் காட்சியில் பதறிப்போய்க் குறைப்பதும் பல வீடுகளில் அன்றாடம் நடக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் சுவரிலிருந்து திரும்பும் ஒலியும் அதே அளவு கூடுவதால் தெளிவு கிடைப்பதில்லை. ஆம்ப்ளிஃபயரை மாற்றியும் தீராத இந்தக் குறை, ராக்வூல் எனும் பாறைப்பஞ்சும் மரச்சட்டமும் துணியும் கொண்டு வீட்டிலேயே செய்யும் பலகைகளால் பெருமளவு தீரும்.

அறை ஒலியை முதன்முதலாகக் கணக்குக்குள் கொண்டுவந்தவர் வாலஸ் கிளெமென்ட் சபைன். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், ஃபாக் கலை அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடம் பயன்படுத்த முடியாத நிலையில் இருந்தது. பேசிய ஒரு சொல் ஏறக்குறைய ஐந்தரை வினாடி நின்று ஒலித்தது. அது அடங்குவதற்குள் அடுத்தடுத்த சொற்கள் அதன்மேல் விழுந்து குழம்பின. இளம் இயற்பியல் ஆசிரியரான சபைனிடம் இதைச் சரிசெய்யும் வேலை வந்தது. அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து கூடத்தில் பரப்பினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஒலி காதுக்கு எட்டாமல் மறையும்வரை நேரம் பார்த்தார். மெத்தை கூடக்கூட நேரம் ஓர் ஒழுங்கில் குறைந்தது. அந்த ஒழுங்குதான் இன்றும் பயன்படும் சூத்திரம்: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள எல்லாப் பொருள்களும் சேர்ந்து ஒலியை விழுங்கும் பரப்பால் வகுத்தால், ஒலி 60 டெசிபல் அடங்க ஆகும் நேரம் வினாடிகளில் கிடைக்கும். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால் சபைனின் கணக்கைத் துணைகொண்டு வடிவமைக்கப்பட்டது.

இதே கணக்கைச் சாதாரண வீட்டறைக்கும் போட்டுப் பார்க்கலாம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் என்றால் கன அளவு 34 கன மீட்டர். ஆறு பக்கங்களின் மொத்தப் பரப்பு சுமார் 63 சதுர மீட்டர். பூசிய சுவரும் டைல்ஸ் தரையும் தம்மேல் படும் ஒலியில் 2, 3 சதவீதத்தைத்தான் விழுங்கும். ஆகவே வெற்று அறையின் விழுங்கும் பரப்பு 2 சதுர மீட்டரைக்கூட எட்டாது. ஒலி அடங்க மூன்று வினாடி ஆகும். சோஃபாவும் அதில் உட்காரும் ஆட்களும் ஏறக்குறைய 3 சதுர மீட்டர், கனத்த திரைச்சீலை 2, தரை விரிப்பு ஒன்றரை என்று சேர்க்கலாம். நான்கு அங்குல கனமுள்ள எட்டுப் பலகைகளை மாட்டினால் இன்னும் 5 சதுர மீட்டர் கிடைக்கும். மொத்தம் 13 ஆகும்போது அடங்கும் நேரம் சுமார் 0.4 வினாடிக்கு இறங்கிவிடும். சினிமா பார்க்கும் சிறிய அறைக்கு அது நல்ல அளவு.

இந்தக் கணக்கு நடுத்தர, உயர்ந்த அதிர்வெண்களுக்குப் பொருந்தும். பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியின் நடத்தை வேறு. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறக்குறைய 7 மீட்டர் நீளம். அது இந்த அறைக்குள் அடங்கவே அடங்காது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஓர் அலையின் பாதி சரியாகப் பொருந்தும் அதிர்வெண்ணில் அறையே ஊதிய சங்குபோல முழங்கத் தொடங்கும். 12 அடி நீளத்துக்கு அது சுமார் 47 ஹெர்ட்ஸ், 10 அடிக்குச் சுமார் 57. நம் வீடுகளில் அகலமும் உயரமும் அடிக்கடி ஒரே பத்து அடியாக அமைந்துவிடுவதால் இரண்டு முழக்கங்களும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. பாட்டில் ஒரே ஒரு பேஸ் சுரம் மட்டும் ‘தொம்’மென்று வீங்கி ஒலிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஒலி சீரமைப்பு பற்றிய புத்தகங்களில் பெரும்பாலானவை அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். அங்கே மரச்சட்டத்தில் அறைந்த ஜிப்சம் பலகைதான் சுவர். அது பேஸ் ஒலிக்கு மெல்ல அதிர்ந்து, 125 ஹெர்ட்ஸில் கால் பங்குக்கு மேல் தானே விழுங்கிக்கொள்ளும். செங்கல்லும் கான்கிரீட்டும் அந்த அதிர்வெண்ணில் 1, 2 சதவீதத்தோடு நின்றுவிடும். ஆகவே நம் அறைகளில் முதல் கவனம் பேஸுக்கே போக வேண்டும். நான்கு சுவரிலும் மெல்லிய ஃபோமையோ கார்ப்பெட்டையோ ஒட்டிவிட்டு நிறுத்துவதுதான் பரவலான தவறு. அவை உச்ச ஒலிகளை மட்டும் தின்றுவிட்டு முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். அறை மந்தமாகவும் இரைச்சலாகவும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். சுவர் வெறுமையாக இருந்ததே மேல் என்று தோன்றும்.

பலகை செய்யுமுன் காசில்லாமல் ஆகும் வேலை ஒன்று உண்டு. பின்சுவரை ஒட்டிய சோஃபாவில் பேஸ் அளவுக்கு மீறிக் கேட்கும். அறையின் நட்டநடுவில் அதன் ஒரு பகுதி காணாமலே போகும். சோஃபாவைச் சுவரிலிருந்து மூன்று, நான்கு அடி முன்னால் இழுத்தாலே பெரிய வேறுபாடு தெரியும். பேஸுக்கான ஸ்பீக்கரான சப்வூஃபருக்கு இடம் தேடவும் எளிய வழி இருக்கிறது. அதைத் தூக்கிச் சோஃபாவின் மேல், வழக்கமாக உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையில் தவழ்ந்து கேட்க வேண்டும். எந்த இடத்தில் எல்லாச் சுரமும் சமமாகக் கேட்கிறதோ அதுவே சப்வூஃபரின் இடம்.

அடுத்தது பொருள். ஒலியை விழுங்குவதற்குக் காற்று உள்ளே நுழைந்து, இழைகளில் உராய்ந்து வெளியே வரக்கூடிய பொருள் வேண்டும். உராய்வில் ஒலி மிகச் சிறு வெப்பமாக மாறிவிடுகிறது. வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போகாத தெர்மாகோல் இதற்கு உதவாது. முட்டை அட்டையில் நிறையும் இல்லை, தடிமனும் இல்லை. கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் ஸ்லாப் நன்றாக வேலை செய்யும். ஃபால்ஸ் சீலிங், இன்சுலேஷன் பொருள் விற்கும் கடைகளில் ஒரு மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலத்தில் கிடைக்கும். இலவம்பஞ்சு மெத்தையும் ஒலியை விழுங்கும்தான். ஆனால் எளிதில் தீப்பற்றும். தீ விஷயத்தில் சமரசமே கூடாது. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஓர் இசை விடுதியில் மேடை வாணவேடிக்கையின் பொறி சுவரில் ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோமில் பற்றி, 100 பேர் இறந்தார்கள். சாதாரண பேக்கிங் ஃபோமையும் மெத்தை ஃபோமையும் வீட்டுச் சுவரில் ஒட்டவே கூடாது. ராக்வூல் எரியாது.

ஒரு பலகைக்கு இரண்டு அங்குல ஸ்லாப் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நான்கு அங்குலம். நான்கு அங்குல அகல மரச் சட்டத்தை, உள்ளளவு ஸ்லாப்பின் அளவுக்குச் சரியாக வரும்படி அறுத்து, மூலைகளில் எல் கிளாம்ப் போட்டு முடுக்க வேண்டும். ஸ்லாப் நழுவாமல் இருக்கப் பின்பக்கம் இரண்டு குறுக்குச் சட்டம் போதும். முன்பக்கத்துக்குக் காடாத் துணி அல்லது கதர். துணியை வாயருகே பிடித்து ஊதிப் பார்த்து வாங்க வேண்டும். மூச்சு தடையின்றிப் போனால் ஒலியும் போகும். ரெக்சினும் பிளாஸ்டிக் பூச்சுத் துணியும் ஆகாது. துணியைத் தரையில் விரித்து, சட்டத்தைக் கவிழ்த்து, பள்ளிப் புத்தகத்துக்கு அட்டை போடுவதுபோல மூலைகளை மடித்து, எதிரெதிர்ப் பக்கமாக இழுத்து ஸ்டேப்ளர் கன்னால் அடித்தால் சுருக்கம் விழாது. ராக்வூல் இழை தோலில் அரிக்கும், மூச்சில் போகும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். வேலையை மொட்டைமாடியில் வைத்துக்கொண்டால் வீட்டுக்குள் தூசு வராது. முடிந்த பலகை ஐந்து, ஆறு கிலோ இருக்கும்.

மாட்டும்போது பலகைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு, மூன்று அங்குல இடைவெளி விட வேண்டும். சுவரை ஒட்டிய காற்று அசைய முடியாமல் நிற்கிறது. சற்று விலகிய இடத்தில்தான் அது வேகமாக அசைந்து இழைகளில் உராய்கிறது. இடைவெளி விட்டால் செலவில்லாமலே பலகை இன்னும் தாழ்ந்த அதிர்வெண்வரை வேலை செய்யும். மழைக்காலத்தில் சுவர் ஓதம் காத்தாலும் பலகையில் பூஞ்சை எளிதில் பிடிக்காது.

எட்டில் நான்கு பலகை மூலைகளுக்கு. பேஸ் அழுத்தம் மூலைகளில்தான் குவிகிறது. முன்பக்க மூலை இரண்டிலும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பலகையைக் குறுக்காகச் சாய்த்து நிறுத்தினால் பின்னால் முக்கோண வெளி உண்டாகும். மீந்த ராக்வூல் துண்டுகளை அங்கே நிரப்பலாம். பக்கச் சுவர்களுக்கு ஒவ்வொன்று. இடத்தைக் கண்டுபிடிக்க ஒருவர் சோஃபாவில் உட்கார, மற்றவர் முகம்பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி நகர்த்த வேண்டும். உட்கார்ந்தவருக்கு ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் பென்சிலால் குறி. மீதி இரண்டும் பின்சுவருக்கு, அல்லது அதே கண்ணாடி முறையில் குறித்த கூரைப் பகுதிக்கு. கூரையில் மின்விசிறியின் இறக்கையிலிருந்தும் கான்கிரீட்டுக்குள் ஓடும் ஒயரிலிருந்தும் விலகி, ரா பிளக்கை நம்பாமல் ஆங்கர் போல்ட்டில்தான் தொங்கவிட வேண்டும்.

இந்தப் பலகைகள் அடுத்த வீட்டுக்குப் போகும் சத்தத்தைத் தடுக்காது. அதற்குக் கனத்த சுவரும் காற்றுப் புகாத கதவும் தேவை. அது வேறு வேலை, வேறு செலவு.

பலன் தெரிய அறை நடுவில் கைதட்டிப் பார்க்கலாம். முன்பு சரசரவென்று இழுபட்ட எதிரொலி இப்போது சட்டென்று நிற்கும். நுணுக்கமாகப் பார்க்க விரும்புவோருக்கு ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஓர் அளவீட்டு மைக்கும் போதும். எந்த அதிர்வெண் எவ்வளவு நேரம் தொங்குகிறது என்பதைப் படமாகக் காட்டிவிடும். ரிசீவரின் தானியங்கிச் சீரமைப்பை எல்லாப் பலகையும் மாட்டிய பிறகு புதிதாக ஓட்ட வேண்டும். வெற்று அறையில் எடுத்த பழைய அளவுகள் இனி பொருந்தாது. மீந்திருக்கும் பேஸ் மேடு ஒன்றிரண்டை அந்தச் சீரமைப்பே செதுக்கிவிடும்.