மன அழுத்தத்தின் மேல் போடப்பட்ட பழி

நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பை ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் 1950ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழில் சான்றுகளோடு எடுத்துக்காட்டினர்; 1951இல் அவர்கள் தொடங்கி, பிரிட்டனின் ஆண் மருத்துவர்கள் 34,000க்கும் மேற்பட்டோரை அரை நூற்றாண்டுக் காலம் பின்தொடர்ந்த ஆய்வு அதை ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்தது. ஆயினும், புகைப்பவரைக் கொல்வது புகையன்று, அவருடைய மனநிலையே என்ற வாதம் அதன் பிறகும் பல்லாண்டுகள் உயிரோடு இருந்தது. அதற்குப் புகையிலை நிறுவனங்களின் பணமும் பக்கபலமாக நின்றது.

அந்த வாதத்துக்குப் பெரும் மதிப்பைத் தேடித்தந்தவர் பெர்லினில் பிறந்து லண்டனில் புகழ்பெற்ற உளவியலாளர் ஹான்ஸ் ஐசங்க். துயரத்தையும் கோபத்தையும் வெளிக்காட்டாமல் உள்ளேயே அடக்கி, இழப்பின் முன் கையறு நிலையில் நிற்கும் இயல்புடையோரைப் ‘புற்றுநோய்க்கு இலக்காகும் ஆளுமை’ கொண்டவர்கள் என்று அவர் வகைப்படுத்தினார். யூகோஸ்லாவியாவின் செர்வென்கா ஊரிலும் ஜெர்மனியின் ஹைடல்பெர்கிலும் ஆய்வாளர் ரொனால்டு குரோசார்த்-மாட்டிசெக் திரட்டிய தரவுகளைக் கொண்டு, யாருக்குப் புற்றுநோய் வரும் என்பதை முன்கூட்டிச் சொல்வதில் சிகரெட்டைவிட ஆளுமையே பன்மடங்கு வல்லது என்று இருவரும் எழுதினர். சில மணி நேர ஆலோசனையும், ஏன், ஒரு துண்டுப்பிரசுரத்தை வாசிக்கக் கொடுப்பதும்கூடப் புற்றுநோய் மரணங்களை வெகுவாகக் குறைத்தன என்பது அவர்கள் வெளியிட்ட முடிவுகளுள் ஒன்று. மருத்துவ வரலாற்றில் எந்த மருந்தும் காட்டாத பலன் அது.

இம்முடிவுகள் நம்பத்தக்கவையல்ல என்று 1992இலேயே மனநல மருத்துவர் ஆந்தனி பெலோசி உள்ளிட்டோர் எழுதினர். அமெரிக்கப் புகையிலைத் துறையிடமிருந்து ஐசங்கின் ஆய்வுகளுக்கு 8,00,000 பவுண்டுக்கும் மேல் சென்றதை 1996இல் தி இண்டிபென்டன்ட் நாளிதழ் அம்பலப்படுத்தியது. அவர் மறைந்து 22 ஆண்டுகள் கழித்து, 2019இல்தான், லண்டன் கிங்ஸ் கல்லூரியின் விசாரணை ஐசங்கும் குரோசார்த்-மாட்டிசெக்கும் எழுதிய 26 கட்டுரைகளை நம்பத்தகாதவை என அறிவித்தது. அதுவரை எத்தனையோ நோயாளிகள், அழாமல் அடக்கிவைத்த துயரமே தமக்கு நோயாக முளைத்தது என்று எண்ணி மருகியிருப்பர் என்பதுதான் இதில் பொறுக்க முடியாத கொடுமை.

புகை உடலுக்குள் செய்யும் வேலையோ வெளிப்படையானது. புகையிலுள்ள பென்சோபைரீன் என்னும் வேதிப்பொருளை உடலின் நொதிகள் வெளியேற்ற முயலும்போதே அது வேறொரு வடிவம் பெற்று, செல்லின் மரபுப்பொருளான டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கிறது. கட்டுப்பாடின்றிப் பெருகும் செல்லைத் தடுத்து நிறுத்தும் பி53 என்ற மரபணுவில் அது ஒட்டும் இடங்களும், நுரையீரல் கட்டிகளில் அம்மரபணு மிகுதியாகச் சிதைந்து காணப்படும் இடங்களும் ஒன்றே என்பதை 1996இல் ஆய்வாளர்கள் கண்டனர். மன அழுத்தத்துக்கு எதிராக இப்படியொரு தடயம் கிடைக்கவில்லை. ஐரோப்பாவில் ஏறத்தாழ 1,16,000 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2013இல் வெளியான ஆய்வு, பணியிட அழுத்தத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. அழுத்தத்தின்போது சுரக்கும் நார்அட்ரினலின் கட்டியின் வளர்ச்சியைத் தூண்டக்கூடும் என்று விலங்குச் சோதனைகள் காட்டுவது உண்மையே. மனிதரிடம் அது மெய்ப்பிக்கப்படவில்லை.

அதற்காக மன அழுத்தம் குற்றமற்றது என்று விட்டுவிட முடியாது. அது சிகரெட்டின் வழியாகவே நுரையீரலை எட்டுகிறது. கடன், வேலைச்சுமை, துக்கம் ஆகியவற்றில் உழல்வோர் கூடுதலாகப் புகைக்கின்றனர். விட்டவரும் அத்தகைய நாள்களில்தான் மீண்டும் பற்றவைக்கின்றனர். புகையோடு உள்ளிழுக்கப்படும் நிகோட்டின் சில நொடிகளில் மூளையை அடைகிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் குருதியில் அதன் அளவு பாதியாகக் குறைய, எரிச்சலும் பதற்றமும் தலைதூக்குகின்றன. இரவு முழுதும் நிகோட்டின் இன்றி விழித்தெழுபவருக்குக் காலையின் முதல் சிகரெட் தரும் ஆறுதலில் பெரும்பகுதி, முந்தைய நாளின் சிகரெட்டுகள் உண்டாக்கிய தவிப்பு அடங்குவதேயன்றி வேறில்லை. வாழ்க்கை தந்த அழுத்தமும் நிகோட்டின் தந்த அழுத்தமும் புகைப்பவருக்கு ஒன்றாகவே தோன்றுவதால், நோயையே மருந்தென்று அவர் நம்பிவிடுகிறார்.

புகைப்பதை நிறுத்தினால் மனம் நிலைகுலையும் என்ற அச்சமும் இந்த நம்பிக்கையிலிருந்து பிறந்ததே. இதனை ஆராய்ந்த 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் வெளியிட்ட கட்டுரை, புகையைக் கைவிட்டோரிடம், தொடர்ந்து புகைத்தோரைவிட, பதற்றமும் மனச்சோர்வும் அழுத்தமும் குறைந்திருந்ததைக் கண்டது. மனநலக் குறைபாடு உடையவர்களிடமும் இதே முன்னேற்றம் காணப்பட்டது. உயிரைப் பொறுத்தவரை, டால் பின்தொடர்ந்த மருத்துவர்களுள் 50 வயதில் நிறுத்தியவர்கள் ஏறத்தாழ 6 ஆண்டு ஆயுளையும், 60 வயதில் நிறுத்தியவர்கள்கூட 3 ஆண்டு ஆயுளையும் திரும்பப் பெற்றனர்.